அம்மாவின் குதிரைப் பவுண்

மெல்பேர்ணில் எனக்குக் கலியாணம் நடந்தது எழுபத்தெட்டாம் ஆண்டு ஆவணியில். கலியாணத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பெண் நல்லவள், இன்றுவரை என்னைச் சகித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு ஆறாமல் கிடப்பது அதற்கு எட்டு நாளைக்கு முன்பு நடந்த பொன்னுருக்கு.

யாழ்ப்பாணத்தில் மாப்பிள்ளை வீட்டில் நல்ல நேரம் பார்த்து ஒரு தங்கக் காசை உருக்குவார்கள். குத்துவிளக்கும் நிறைகுடமும் வைத்து, இனசனம் சுற்றி இருக்க, நகை செய்கிற பத்தர் அதைச் செய்வார். அந்தப் பொன்னில்தான் தாலி. உருகிய பொன்னைத் தாம்பாளத்தில் வைத்து வந்தவர்களுக்கெல்லாம் காட்டுவார்கள். அம்மா அதில் ஒரு சங்கதி பார்ப்பார். பொன் சிதறாமல் ஒரே துண்டாக வந்தால் குடும்பமும் சிதறாது என்பார். இது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் சாஸ்திரத்தில் இருந்தது.

அம்மா கலியாணத்துக்கு வருவதாகத்தான் இருந்தது. நான் அப்போது தண்ணீர்க் குழாய் போடுகிற அரசாங்க இலாகா ஒன்றில் படம் வரைகிற வேலையில் இருந்தேன். மூன்று மாதத்துக்கு அம்மாவைக் கூப்பிட விசாவுக்கு எழுதிப் போட்டேன். அதற்கு முந்தின வருஷம் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் வழங்காமல் போயிருந்தது. மருத்துவ அறிக்கையைப் பார்த்துவிட்டு இரண்டு வரியில் மறுத்துவிட்டார்கள். நேரில் போய்க் கேட்டேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்த பொடியன் எனக்கு இருக்கக் கதிரை காட்டினான், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று மூன்று தடவை சொன்னான். மரியாதையாக மறுக்கிறவனோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை. வெளியே வந்து ட்ராம் நிறுத்தத்தில் நின்று, கேட்க ஆளில்லாமல், தமிழில் திட்டித் தீர்த்தேன்.

வீட்டுக்கு எழுதினேன். அம்மாவின் பதில் நீல விமானக் கடிதத்தில் வந்தது, அக்காவின் கையெழுத்தில். முந்தின வருஷம் தெற்கில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் அக்கா இரண்டு பிள்ளைகளோடு உடுத்த துணியுடன் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்திருந்தாள். அவளை நிமிர்த்துவதற்காக வீட்டில் இருந்த நகையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு தங்கக் காசு. அம்மா எழுதச் சொன்னது இவ்வளவுதான்: “நான் வராட்டி என்ன, என்ரை பவுண் வருது. அதை உருக்கேக்கை நானும் அங்கை நிக்கிறன் எண்டு நினை. ஒரே துண்டா வந்ததோ எண்டு எனக்கு எழுது.”

அந்தக் காசை எங்கள் வீட்டில் குதிரைப் பவுண் என்போம். ஒரு பக்கம் முக்காடு போட்ட கிழவி ராணி. மறுபக்கம் குதிரையில் ஒருவன், காலடியில் கிடக்கிற பிராணியைக் குத்தப் போகிறான். சூரனை வதைக்கிற முருகன் என்று அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார். முருகன் மயிலை விட்டுவிட்டு ஏன் குதிரையில் வந்தார் என்று கேட்டு ஒருமுறை குட்டு வாங்கியிருக்கிறேன்.

கலியாணப் பெண் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தப் பவுணைப் பாவாடை விளிம்பில் வைத்துத் தைத்துக்கொண்டு தனியாக விமானத்தில் வந்து இறங்கினாள். வந்து மூன்று மாதத்துக்குள் கலியாணம் நடக்காவிட்டால் திரும்பிப் போகவேண்டும் என்பது விசா நிபந்தனை. எங்களுக்குத் தெரிந்த ஓர் அங்கிளும் அன்ரியும் அவளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டார்கள். அங்கிள் வைத்தியர். அன்ரிக்கு வைத்தியம் தவிர மற்ற எல்லாம் தெரியும். அந்தக் காலத்து மெல்பேர்ணில் ஒரு சடங்கு நடத்துவதென்றால் அன்ரியைத்தான் கேட்போம்.

பத்தருக்கு எங்கே போவது? நகரத்தில் இரண்டு மூன்று நகைக்கடைகளில் கேட்டேன். காசை விட்டுவிட்டுப் போ, அடுத்த வாரம் வா என்றார்கள். விளக்குக் கொளுத்தி ஆட்கள் சுற்றி நிற்பார்கள் என்றதும் ஒருவர் தீயணைப்புப் படையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இதை வேலைத்தலத்தில் தேநீர் நேரத்தில் சொல்லிப் புலம்பினேன். எங்கள் ஃபோர்மன் சான்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு, “அவ்வளவுதானே? என் கொட்டிலில் உருக்கலாம், மேட்” என்றார்.

ஃபோர்மன் ஐம்பத்தைந்து வயது மனிதர். கூட்டாளி என்கிற மாதிரி, மேலதிகாரியையும் மேட், துப்புரவுக்காரனையும் மேட் என்பார். இலாகாத் தலைவருக்குக்கூட “சேர்” என்று மரியாதை போட்டு நான் கேட்டதில்லை. ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். எல்லாம் தங்கத்தால் வந்தது என்றார். அவருடைய பூட்டன் நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன் தங்கம் எடுக்கக் கப்பலேறி வந்தவர். கனவானும் கைதியும் ஒரே சேற்றுக்குள் நின்று தோண்டிய இடத்தில் யார் யாருக்கு சேர் போடுவது? தோண்டுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்று பொலிஸ் விரட்டியபோது, அந்தக் காகிதத்தை நெருப்பில் போட்டுவிட்டு எதிர்த்து நின்றவர்களாம். அதைச் சொல்லும்போது, போன கிழமை நடந்ததுபோல அவருக்கு முகம் சிவக்கும்.

பொன்னுருக்கு அன்று காலை அங்கிளின் காரில் நாங்கள் மூன்று பேரும் போனோம். பெண் வரவில்லை. பொன்னுருக்கினால் கலியாணம்வரை மாப்பிள்ளையும் பெண்ணும் முகம் பார்க்கக்கூடாது, ஆகவே இன்றே தொடங்கட்டும் என்று அன்ரி சொல்லிவிட்டார். வழியெல்லாம் நேரத்தைப் பற்றித்தான் பேச்சு. பஞ்சாங்கம் யாழ்ப்பாணத்தது, மணிக்கூடு மெல்பேர்ணுடையது, எதைப் பார்ப்பது என்று அங்கிள் கேட்டார்.

“சூரியன் எங்கை நிக்குதோ அதுதான் நேரம். நீங்கள் காரை ஓட்டுங்கோ” என்றார் அன்ரி. ஒன்பதரை முதல் பதினொன்றுவரை என்று முடிவாயிற்று.

இரண்டு மணி நேர ஓட்டம். ஃபோர்மனின் சிற்றூரை நான் முதல்தடவை பார்த்தேன். ஒரு ராசதானிக்கு ஏற்ற தபாற்கந்தோர், தூண் வைத்த மண்டபம், மூன்று வங்கிக் கட்டடங்கள். வீதியில் ஒரு நாயும் இரண்டு கிழவர்களும். தங்கம் இருந்தபோது கட்டியது, தங்கம் முடிந்ததும் ஆட்கள் போய்விட்டார்கள். ஊருக்கு வெளியே காடு முழுக்கக் குழிகள். அம்மை போட்டு ஆறிய முகம்போலத் தரை கிடந்தது. குழிகளுக்குள் மழைத் தண்ணீர் நின்றது, மேலே மஞ்சள் பூ மரங்கள் பூத்துக் கொட்டின.

ஃபோர்மன் எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ஓடைக்கு அக்கரையில் ஒரு கல் மேடு. அது சீனர்கள் சமைத்த அடுப்பு என்றார். சீனர் இந்த மாகாணத்தில் கப்பலால் இறங்கினால் தலைவரி என்று சட்டம் போட்டார்களாம். அதனால் அவர்கள் அடுத்த மாகாணத்தில் இறங்கி, வாரக்கணக்கில் நடந்தே இங்கு வந்து சேர்ந்தார்களாம். பிறகு அவர்களுடைய கூடாரங்களைக் கொளுத்தி விரட்டியதும் உண்டு. கொளுத்தியது யார் என்று கேட்டேன்.

“நாங்கள்தான்” என்றார். அவருடைய குரல் இறங்கிவிட்டது. “லைசென்ஸை எரித்த அதே ஆட்கள்.”

அந்தக் கொழுப்பில்தான் வெள்ளைத்தோல் இல்லாதவன் இந்த நாட்டுக்குள் வரக்கூடாது என்ற சட்டம் பிறகு வந்தது என்று நான் வாசித்திருந்தேன். அது முழுக்கப் போனது நான் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்புதான். அந்தக் கல் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு அம்மாவின் விசாக் கடிதம் ஞாபகம் வந்தது. கவுண்டர்ப் பொடியன் கூடாரம் கொளுத்துகிறவன் அல்ல. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது, கோபத்தை யாரில் காட்டுவதென்றுதான் தெரியவில்லை.

கொட்டில் தகரத்தால் ஆனது. தரை வெறும் மண். ஃபோர்மனின் தகப்பனும் பாட்டனும் அறுபது வருஷமாக அங்கேதான் ஓடையில் அரித்த தங்கத்தை உருக்கினார்களாம். மேசையில் பொன் உருக்கும் கிண்ணமான மூசை, அதில் போடுகிற வெங்காரம், காஸ் ஊதுகுழாய், உருகியதை ஊற்றுகிற இரும்பு அச்சு எல்லாம் துடைத்து வைத்திருந்தார். அன்ரி ஒரு மூலையைக் கூட்டி, குத்துவிளக்கும் நிறைகுடமும் வைத்தார். மாவிலைக்குப் பதிலாக முற்றத்து எலுமிச்சையில் ஒரு கொத்து. நான் வேட்டியோடு குளிரில் நடுங்கிக்கொண்டு ஒரு பழைய கதிரையில் இருந்தேன். மாப்பிள்ளைக்களை வந்துவிட்டது என்று அங்கிள் பகிடி பண்ணினார்.

ஃபோர்மன் பவுணை வாங்கிச் சின்னப் பித்தளைத் தராசில் நிறுத்தார். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டு, குதிரையின் காலுக்குக் கீழே நிலத்தில் ஒரு பொட்டளவு எழுத்தைக் காட்டினார். M. மெல்பேர்ண் அச்சகத்தில் அடித்த காசு. இந்தப் பக்கத்துச் சுரங்கங்களின் தங்கம்தான் அப்போது அங்கே போனதாம். “இது இந்த ஊர்த் தங்கமாகவே இருக்கலாம், மேட். என் பூட்டன் தோண்டியதாகவும் இருக்கலாம். உருக்கத்தான் வேணுமா?”

அம்மாவின் முருகன் இங்கேயிருந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போய், அம்மாவின் பெட்டியில் முப்பது வருஷம் கிடந்து, பாவாடை விளிம்பில் திரும்பி வந்திருக்கிறார். காசுக்கு யாரும் மருத்துவ அறிக்கை கேட்கவில்லை. இரண்டு தடவை கடல் கடந்துவிட்டது. அம்மாவால் ஒரு தடவை முடியவில்லை.

“உருக்குங்கள், அம்மா காத்திருக்கிறார்” என்றேன்.

ஊதுகுழாய் இரைந்தது. ராணியின் முக்காடு முதலில் மங்கியது, பிறகு குதிரை. காசு முழுக்கத் தளர்ந்து உருண்டு, மூசைக்குள் சின்னச் சூரியன்போல நின்றது. ஃபோர்மன் அச்சை ஏற்கெனவே சுட வைத்து, ஈரம் போக்கி, தயாராக வைத்திருந்தார். மூசையைப் பிடிக்கக் குறடு எடுக்க அவர் திரும்பினார். அந்த நேரம் பார்த்து அன்ரி எழுந்தார். சடங்கில் அன்ரி எதையும் விட்டுவைக்கிறவர் அல்ல. எலுமிச்சைக் கொத்தை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து விளக்குக்குத் தெளித்தார், குடத்துக்குத் தெளித்தார், எனக்குத் தெளித்தார், அச்சுக்கும் தெளித்தார்.

நான் அதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பொறியியல் படித்தவன், ஈர அச்சில் உருகிய பொன் விழுந்தால் என்ன நடக்கும் என்று தெரிந்தவன். வாய் திறப்பதற்குள் ஃபோர்மன் ஊற்றிவிட்டார்.

வெடித்தது. சத்தம் பெரிதில்லை, அடுப்பில் உப்புக்கல் போட்டதுபோல. பொன் மணிமணியாகச் சிதறித் தகரத்தில் பட்டு, மேசையில் பட்டு, மண்ணில் போய் விழுந்தது. ஃபோர்மனின் கையில் இரண்டு இடம் சுட்டுவிட்டது. அச்சுக்குள் அரைவாசி மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் தரையில்.

“உங்களை ஆர் தண்ணி தெளிக்கச் சொன்னது? எல்லாத்துக்குள்ளையும் கையை வைக்காட்டி உங்களுக்கு மனம் ஆறாதோ?” என்று நான் கத்தினேன். தாய் வயதுப் பெண்ணிடம். அன்ரி மஞ்சள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். அவர் இப்போது இல்லை. அந்தச் சொல்லைத் திருப்பி வாங்க நான் எத்தனையோ தடவை நினைத்து, வாங்காமலே விட்டுவிட்டேன்.

கண்ணுக்குத் தெரிந்த மணிகளை நாங்கள் நான்கு பேரும் முழங்காலில் நின்று பொறுக்கினோம். பிறகு ஃபோர்மன் தரையின் மேல்மண்ணைச் சுரண்டி மூன்று வாளியில் அள்ளினார். ஓடைக்குக் கொண்டு போனோம். தங்கம் அரிக்கிற தகரத் தட்டு ஒன்றை என் கையில் தந்து, எப்படிச் சுழற்றுவது என்று காட்டினார். தண்ணீரில் அமிழ்த்தி, சுழற்றி, மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடவேண்டும். தங்கம் பாரம், அடியில் தங்கும். எனக்கு மணிக்கட்டு ஒத்துவரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலளவு பனித் தண்ணீரில், நான் அம்மாவை அரித்துக்கொண்டு நின்றேன். கரையில் அங்கிள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதினொண்டாச்சு” என்றார். பிறகு நேரம் சொல்வதை விட்டுவிட்டார்.

முடிய மதியம் தாண்டிவிட்டது. பொறுக்கியது, அரித்தது, அச்சில் கிடந்தது எல்லாவற்றையும் சேர்த்து, காலையில் பவுணை நிறுத்த அதே படிக்கல்லுக்கு எதிரே ஃபோர்மன் தராசில் வைத்தார். குறைந்திருக்கும், எவ்வளவு குறைந்திருக்கும் என்றுதான் நான் பயந்துகொண்டு நின்றேன். தட்டு எங்கள் பக்கம் இறங்கியது. மறுபடி வைத்தார். மறுபடியும் இறங்கியது. பவுணைவிடக் கூட இருந்தது.

அவருக்கு விளங்கிவிட்டது. பாட்டனும் தகப்பனும் அறுபது வருஷமாகச் சிந்திய தூளும் மணியும் அந்தத் தரையில் கிடந்திருக்கின்றன. அவையும் சேர்ந்து வந்துவிட்டன. “எங்கள் தரை தன் பங்கையும் போட்டிருக்கிறது” என்று சிரித்தார், சுட்ட கையை ஊதிக்கொண்டு.

“உங்களுடையதைப் பிரித்து எடுங்கள்” என்றேன்.

“முடியாது மேட். தங்கத்தில் பெயர் எழுதியிருக்காது.”

“அப்படியென்றால் எங்களுடையது எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று எப்படித் தெரியும்?”

“தெரியாது” என்றார். “எல்லாம் உன்னுடையது என்று வைத்துக்கொள்.”

இரண்டாவது தடவை உருக்கியபோது ஒருவரும் அசையவில்லை. விளக்கு எப்போதோ காற்றில் அணைந்திருந்தது, அதைத் திரும்பக் கொளுத்த யாருக்கும் மனம் வரவில்லை. ஒரே துண்டாக வந்தது. வழவழவென்று, அழகாகத்தான் இருந்தது. தாம்பாளத்தில் வைத்து மூன்று பேருக்குக் காட்டினேன்.

திரும்பி வரும்போது கார் மெல்பேர்ணைத் தொட்ட பிறகுதான் அன்ரி வாய் திறந்தார். “தம்பி, கொம்மாவுக்கு ஒரே துண்டா வந்ததெண்டு எழுது. முடிவிலை ஒரே துண்டுதானே.”

“ஓம் அன்ரி” என்றேன்.

எழுதினேன். ஒரே துண்டு, நல்ல நேரத்தில், விளக்கு நின்றெரிந்தது என்று கையோடு இன்னும் இரண்டு பொய்யையும் சேர்த்தேன். நகரத்தில் ஓர் இத்தாலிக்காரர் நான் வரைந்து கொடுத்த படத்தைப் பார்த்துத் தாலி செய்து தந்தார். கட்டி ஒரு கிழமைக்குப் பிறகு மனைவி அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, “நான் கொண்டுவந்த பவுண் இவ்வளவு பாரமில்லை. கடல் கடந்தால் கொழுக்குமோ?” என்று கேட்டாள். அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தாள், பிறகு அழுதாள். மாமிக்குச் சொல்லவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள்.

அடுத்த பங்குனியில் தந்தி வந்தது. அம்மா காலையில் போய்விட்டார், மாலையில் எடுக்கிறார்கள். நான் சிங்கப்பூர், கொழும்பு, பிறகு ரயில் என்று போய்ச் சேர மூன்று நாள் ஆகும். எங்கள் ஊரில் அதுவரை வைத்திருக்க மாட்டார்கள். ஒரே மகன் நான். வாய்க்கரிசி போட நான் இல்லை, கொள்ளி வைக்க நான் இல்லை. அக்காவின் மகன் வைத்தான். எங்கள் வீட்டுக் குசினியில் தந்தியைப் பிடித்துக்கொண்டு, இங்கே இப்போது மாலையா அங்கே மாலையா என்று கணக்குப் பார்த்தபடி நின்றேன். நெருப்பு மூட்டுகிற நேரம் எது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து அக்காவின் கடிதம் வந்தது. படுக்கையில் கிடந்தவரை வருத்தம் பார்க்க வந்த சனத்துக்கெல்லாம் அம்மா கடைசிவரை ஒரே கதைதானாம். “என்ரை பவுண் ஒரே துண்டா வந்ததாம். அங்கையும் அது சிதறேல்லையாம்.” இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்துப்போச்சு என்று அக்கா எழுதியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோர்மனின் ஊருக்குத் தனியாகக் காரில் போனேன். அம்மா செத்தது அவருக்குத் தெரியும். வேலைத்தலத்தில் என் தோளைப் பிடித்துவிட்டுப் போயிருந்தார். கொட்டிலுக்குள் போய்த் தரையைச் சுரண்டி வாளியில் அள்ளினேன். அவர் வாசலில் நின்று பார்த்தார், தடுக்கவில்லை. தகரத் தட்டை எடுத்துத் தந்து, கூடவே ஓடைக்கு வந்தார்.

முதல் வாளியில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதற்கு நான் திரும்பக் கொட்டிலுக்குப் போக எழுந்தபோது, “எல்லாம் அன்றைக்கே எடுத்துவிட்டோம், மேட்” என்றார்.

“இன்னும் கிடக்கிறது” என்றேன்.

“எவ்வளவு குறைகிறது?” என்று கேட்டார். நிறுத்துப் பார்க்கிற மனிதர், நியாயமாகத்தான் கேட்டார்.

ஒன்றும் குறையவில்லை. கூடத்தான் வந்தது, அவரே நிறுத்தார். வந்ததில் அம்மாவுடையது எவ்வளவு என்றுதான் தராசு சொல்லவில்லை. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு மண் அள்ளப் போனேன்.